பக்கத்து கடை சிஸ்டம் மொத்தமா லாக் ஆகிடுச்சு, நம்ம கடைக்கு என்ன பண்ணி வெக்கணும்?

கிரி_உரக்கடை:

எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி பழையபேட்டைல ஒரு உரக்கடைல கணக்கு பாக்குறேன். எங்களுக்கு ரெண்டு கடை தள்ளி ஒரு டைல்ஸ் கடை இருக்கு, போன திங்கக்கிழமை காலைல அங்க சிஸ்டம் ஆன் பண்ணா கணக்கு எழுதுற டேலி சாஃப்ட்வேர் ஓபன் ஆகல. என்னை கூப்பிட்டாங்க, போய் பாத்தேன். ஒவ்வொரு ஃபைல் பேருக்கும் பின்னாடி ஏதோ புரியாத எழுத்து ஒட்டியிருக்கு, டெஸ்க்டாப்ல ஒரு நோட்பேட் ஃபைல், உங்க ஃபைல எல்லாம் பூட்டிட்டோம், சாவி வேணும்னா பிட்காயின் அனுப்புன்னு இங்கிலீஷ்ல எழுதி வெச்சிருக்கான். பேக்கப் எடுத்தீங்களான்னு கேட்டேன். இருக்கு சார்னு அந்த பையன் சிபியு பின்னாடி சொருகி இருந்த பென்டிரைவ காட்டுனான். வாங்குன நாள்ல இருந்து அத யாரும் கழட்டுனதே இல்ல போல, அதுலயும் அதே எழுத்துதான்.

மேஸ்திரி பாக்கி, கான்ட்ராக்டர் பாக்கி, கம்பெனிக்கு குடுக்க வேண்டியது எல்லாம் அந்த ஒரு சிஸ்டத்துலதான் இருந்துச்சு. இப்ப பழைய பில் புக்கு, டெலிவரி சலான் எல்லாம் தரைல பரப்பி வெச்சுக்கிட்டு அந்த அண்ணன் ஒவ்வொன்னா எழுதிட்டு இருக்காரு, பாக்கவே கஷ்டமா இருக்கு.

எங்க முதலாளிகிட்ட சொன்னா "நம்ம என்ன பேங்க்கா நடத்துறோம், நம்மள யாருப்பா குறி வெக்க போறான்"னு கேக்குறாரு. எங்க கடைல மூணு சிஸ்டம், ஒன்னு இன்னும் விண்டோஸ் 7. டேலி, வைஃபை, சிசிடிவி, உரம் விக்க பிஓஎஸ் மெஷின் தனியா. ஆளுங்க ஆறு பேரு. பெரிய பட்ஜெட் கிடையாது. எதுல இருந்து ஆரம்பிக்கிறது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தர்மபுரி_சர்வீஸ்:

தம்பி, உங்க முதலாளி கேட்ட கேள்விய வாரம் ஒரு கடைலயாவது கேக்குறேன். பதில் ஒன்னுதான், யாரும் யாரையும் குறி வெக்கிறதில்ல. இன்டர்நெட்ல இருக்கிற ஒவ்வொரு ஐபி நம்பரையும் ப்ரோகிராம் போட்டு ராவும் பகலும் தட்டி பாத்துட்டே இருக்கானுங்க, எது திறக்குதோ அதுல நுழையுறான். உள்ள போன பிறகுதான் அது டைல்ஸ் கடையா ஆஸ்பத்திரியான்னே அவனுக்கு தெரியும். 2017 மே மாசம் வான்னாக்ரைன்னு ஃபைல பூட்டுற வைரஸ் வந்தப்ப யாரும் எந்த லிங்க்கையும் தொடணும்னு கூட இல்ல, நெட்வொர்க் வழியாவே ஒரு சிஸ்டத்துல இருந்து இன்னொன்னுக்கு தாவுச்சு. அதுக்கான அப்டேட்ட மைக்ரோசாஃப்ட் மார்ச் மாசமே விட்டாச்சு, போடாம விட்டவங்கதான் மாட்டுனாங்க.

அந்த டைல்ஸ் கடைல வீட்டுல இருந்து பாக்குறதுக்கோ ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து பாக்குறதுக்கோ ரிமோட் டெஸ்க்டாப் திறந்து விட்டிருந்தாங்களான்னு கேட்டு பாருங்க. ரவுட்டர்ல அதுக்கான வாசல், 3389 போர்ட்ட திறந்து விட்டு பாஸ்வேர்டு கடை பேரு ஒன் டூ த்ரீன்னு வெச்சிருப்பாங்க. நான் பாத்த வரைக்கும் இந்த மாதிரி கேஸ்ல பாதிக்கு மேல இதுதான், இல்லன்னா காசு குடுக்காம திருட்டுத்தனமா போடுற கிராக் சாஃப்ட்வேர், ரெண்டுல ஒன்னு.

எதுல ஆரம்பிக்கிறதுன்னா பேக்கப். ஆன்டிவைரஸ் எல்லாம் அப்புறம். எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ரெண்டு வாங்குங்க. இன்னைக்கு ஒன்னு, நாளைக்கு இன்னொன்னு, மாத்தி மாத்தி. பேக்கப் முடிஞ்ச உடனே கழட்டிடணும், கடைல இல்லாத டிஸ்க் முதலாளி வீட்டு பீரோல இருக்கணும். கழட்டாத டிஸ்க் பேக்கப்பே இல்ல, அதான் நீங்க கண்ணால பாத்துட்டீங்களே. டேலி பிரைம்ல ஆல்ட் ஒய் அழுத்துனா டேட்டா மெனு வரும், அதுல பேக்கப். அஞ்சு நிமிஷ வேலை.

முக்கியமானது அடுத்ததுதான். மாசம் ஒரு தடவ ரீஸ்டோர், அதாவது பேக்கப்ல இருந்து திருப்பி எடுத்து பாக்கணும். ஒரு புது ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள ரீஸ்டோர் பண்ணுங்க, ஓடிட்டு இருக்கிற டேட்டா ஃபோல்டர்லயே பண்ணிடாதீங்க, இருக்கிறதுக்கு மேல எழுதிடும். திறந்து நேத்து போட்ட கடைசி பில் வருதான்னு பாருங்க. பேக்கப் எடுக்குறோம்னு சொல்ற பத்து கடைல இத செய்யிற கடை ஒன்னு இருந்தா பெருசு.

பாலக்கோடு_மண்டி:

எங்ககிட்ட கம்ப்யூட்டரே இல்லைங்க, தக்காளி மண்டி, எல்லாமே போன்லதான். அதனால நமக்கு இதெல்லாம் வராதுன்னு நினைக்காதீங்கன்னு சொல்லத்தான் எழுதுறேன். எங்க மண்டில கணக்கு எழுதுறவருக்கு வாட்ஸ்அப்ல கல்யாண பத்திரிகைன்னு ஒரு ஃபைல் வந்துச்சு, அனுப்புனது பல வருஷமா காய் போடுற விவசாயி நம்பர், சந்தேகமே வராது. அது படமும் இல்ல பிடிஎஃப்பும் இல்ல, ஏபிகே, போன்ல ஆப் ஏத்துற ஃபைல். தொட்டதும் இன்ஸ்டால் பண்ணவான்னு கேட்டிருக்கு, எஸ்எம்எஸ் பாக்க அனுமதி கேட்டிருக்கு, சரி சரின்னு குடுத்துட்டாரு. அதுக்கப்புறம் அவர் போனுக்கு வர்ற ஓடிபி எல்லாம் எவனுக்கோ போயிட்டு இருந்திருக்கு. பேங்க்ல இருந்து பணம் போன மெசேஜ் கூட அவர் கண்ணுல படல.

அந்த விவசாயி போனும் அதே மாதிரி மாட்டுனதுதான், பாவம் அவருக்கு தெரியாமயே அவர் நம்பர்ல இருந்து எல்லாருக்கும் போயிருக்கு.

உடனே 1930க்கு போன் பண்ணோம். போன பணத்துல ஒரு பகுதிய நடுவுல இருந்த அக்கவுண்ட்லயே நிறுத்தி வெச்சாங்க. அன்னைக்கு மதியம் வரைக்கும் யோசிச்சுட்டு இருந்திருந்தா அதுவும் கிடைச்சிருக்காது. இந்த நம்பர கல்லாப்பெட்டி மேல ஒட்டி வெச்சிருக்கோம்ங்க. எங்க மண்டில இப்ப ஒரே சட்டம், ஏபிகேன்னு முடியிற எதையும் தொடக்கூடாது, அது யார் அனுப்புனாலும்.

அரூர்_துணிக்கடை:

பாலக்கோடு அண்ணா சொன்னதோட ஒன்னு சேத்துக்கோங்க. நம்ம ஜிஎஸ்டி ஐடி, மெயில் ஐடி இதெல்லாம் யார் போன் நம்பர்ல இருக்குன்னு ஒரு தடவ உக்காந்து பாருங்க. எங்க ஏரியால 2017ல ஜிஎஸ்டி வந்தப்ப அவசர அவசரமா பிரவுசிங் சென்டர்ல போய் ரெஜிஸ்டர் பண்ணவங்க நிறைய பேரு. மெயில் ஐடி அந்த சென்டர் தம்பியே போட்டது, நம்பரும் அவரோடது, பாஸ்வேர்டும் அவருக்குத்தான் தெரியும். அந்த தம்பி நல்லவராவே இருக்கட்டும், அவர் கடைய மூடிட்டு பெங்களூரு போயிட்டா ஓடிபிக்கு எங்க போய் நிப்பீங்க? நம்ம பேர்ல எவனாவது போலி பில் போட்டா நமக்கே தெரியாது, நோட்டீஸ் வரும்போதுதான் தெரியும்.

ஜிஎஸ்டி போர்ட்டல்ல Non-core amendmentனு ஒரு பக்கம் இருக்கு, அதுல போய் நம்பரையும் மெயிலையும் மாத்திக்கலாம். உள்ளயே நுழைய முடியலன்னா உங்க ஏரியா வரி ஆபீஸர பேப்பரோட போய் பாருங்க, அவங்க மாத்தி குடுப்பாங்க. சரக்கு அனுப்ப போடுற ஈவே பில்லுக்கும் 2025 ஏப்ரல் 1ல இருந்து எல்லாருக்குமே ரெண்டாவது கட்டமா ஓடிபி கட்டாயம் பண்ணிட்டாங்க, அதுல யார் நம்பர் இருக்குன்னும் பாருங்க.

வேலைய விட்டு போறவங்க விஷயமும் இருக்கு. பொண்ணு ஒருத்தி கல்யாணம் ஆகி போயிடுச்சு, நல்ல பொண்ணு, ஆனா கடை இன்ஸ்டாகிராம், கடை ஜிமெயில் ரெண்டும் அது போன்ல மாசக்கணக்கா லாகின்ல இருந்துச்சு. அந்த போன் தொலைஞ்சா என்ன ஆகும்? ஆளு போற அன்னைக்கே பாஸ்வேர்டு மாத்திடணும். அவங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல, கணக்கு முடிச்சு சம்பளம் குடுக்குறோம்ல, அதுல இதுவும் ஒரு வேலை.

ஓசூர்_சிஎன்சி:

எல்லாம் சரி, ஆனா சின்ன யூனிட் நடத்துறவன் நிலைமையையும் கொஞ்சம் பாருங்க. நான் ஓசூர்ல ஜாப் ஒர்க் பண்றேன், ரெண்டு மெஷின். ட்ராயிங் பாக்குற சாஃப்ட்வேர் ஒரிஜினல் விலை கேட்டா ஒரு ஆளோட வருஷ சம்பளத்த தாண்டுது, அதனால கிராக்தான் போட்டிருக்கேன். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சது, விண்டோஸ் 11 எங்க பழைய சிஸ்டத்துல ஏறவே ஏறாது. மெஷினோட வந்த கம்ப்யூட்டர் விண்டோஸ் எக்ஸ்பி, அத மாத்தணும்னா மெஷினையே மாத்தணும். ஆர்டர் குடுக்குற கம்பெனி பேமெண்ட்ட இழுத்து இழுத்து குடுக்குறான், இதுல நாங்க எங்க போறது? நல்ல ஆன்டிவைரஸ் ஒன்னு காசு குடுத்து போட்டிருக்கேன், அது போதும்னு நினைக்கிறேன்.

தர்மபுரி_சர்வீஸ்:

ஓசூர் சார், நீங்க சொல்ற கஷ்டம் நிஜம்தான், நான் மறுக்கல. ஆனா கிராக் போடும்போது முதல் வரில என்ன எழுதியிருப்பான்? ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுன்னுதான எழுதியிருப்பான்? காசு குடுத்து வாங்குன காவல நீங்களே வெளிய அனுப்பிட்டு எவன் செஞ்சான்னே தெரியாத ப்ரோகிராம, சிஸ்டத்துல எதையும் மாத்தக்கூடிய அட்மின் பவரோட ஓட விடுறீங்க. அது நல்லா வேலை செய்யும், மாசக்கணக்கா செய்யும், பின்னாடி என்ன அனுப்புதுன்னு நமக்கு தெரியாது.

வேர்டு எக்ஸெல்லுக்கு லிப்ரே ஆபீஸ் இலவசம். ட்ராயிங்குக்கு ஃப்ரீகேட் இருக்கு, உங்களுக்கு கொஞ்ச நாள் கை வராது, ஒத்துக்குறேன். டிசைன் பண்ணாம கஸ்டமர் ட்ராயிங்க திறந்து அளவு மட்டும் பாக்குறதுனா பெரிய கம்பெனிங்களே வியூவர் இலவசமா குடுக்குறாங்க, மொத்த சாஃப்ட்வேர் எதுக்கு.

எக்ஸ்பி மெஷின் இருக்கட்டும், தப்பில்ல. அதுக்கு நெட் குடுக்காதீங்க, அவ்ளோதான். லேன் ஒயர கழட்டிடுங்க, வைஃபை கூடாது. ப்ரோகிராம் ஏத்துறதுக்குன்னு ஒரே ஒரு பென்டிரைவ், சிவப்பு கலர்ல வாங்கி வெச்சுக்கோங்க, அத மத்த எதுக்கும் தொடக்கூடாது, பாட்டு ஏத்துறது போட்டோ ஏத்துறது எதுவும் கூடாது, ஒவ்வொரு தடவையும் ஸ்கேன் பண்ணிட்டுத்தான் மெஷினுக்கு போகணும். உரக்கடை தம்பிக்கும் இதேதான், அந்த விண்டோஸ் 7 சிஸ்டத்துக்கு 2020 ஜனவரி 14ஓட அப்டேட் நின்னு போச்சு, பிரின்டர்க்காக வெச்சிருந்தா நெட்ட கழட்டிட்டு வெச்சிருங்க.

விண்டோஸ் 10லயும் 11லயும் கூடவே வர்ற டிஃபெண்டர் சின்ன கடைக்கு தாராளமா போதும். அதுல ரான்சம்வேர் ப்ரொடக்ஷன்னு (ஃபைல பூட்டி பணம் கேக்குற வைரஸுக்கு பேருதான் ரான்சம்வேர்) ஒரு பக்கம் இருக்கு, கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்னு ஒரு சுவிட்ச், முதல்ல ஆஃப்லதான் இருக்கும். ஆன் பண்ணி டேலி டேட்டா ஃபோல்டர அதுல சேருங்க, டேலிய மட்டும் அனுமதி லிஸ்ட்ல போடுங்க, நம்பகமில்லாத வேற எந்த ப்ரோகிராம் அந்த ஃபைல மாத்த வந்தாலும் தடுத்துடும். காசே இல்ல. வேற ஆன்டிவைரஸ் போட்டிருந்தா இந்த சுவிட்ச் வேலை செய்யாது, அதையும் சொல்லிடுறேன்.

தினம் பில் போடுற யூசருக்கு அட்மின் பவர் குடுக்காதீங்க, தனியா ஒரு சாதா யூசர் போடுங்க. அப்புறம் சிசிடிவி பதிவாகுற டிவிஆர் பெட்டி, மாட்டுனவர் வெச்சுட்டு போன பாஸ்வேர்டே இருக்கும். 2016ல மிராய்னு ஒரு வைரஸ் இப்படிப்பட்ட கேமரா, டிவிஆர், ரவுட்டர தான் லட்சக்கணக்குல பிடிச்சு வெச்சு பெரிய பெரிய சைட்ட சாச்சுது. மாத்திடுங்க.

மாங்கூழ்_ஏற்றுமதி:

இந்த இழைல மெயில் பத்தி யாரும் பேசல, அதனால நான் எழுதுறேன். கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் யூனிட் எத்தனை இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், பெங்களூரா மாம்பழம் அரைச்சு டிரம்ல அடைச்சு கன்டெய்னர் கன்டெய்னரா வெளிநாடு போகுது. ஃபைல பூட்டுறவன விட இங்க பயப்பட வேண்டியது வேற ஒருத்தன். அவன் எதையும் பூட்ட மாட்டான், சத்தமே போட மாட்டான், மெயில படிச்சுட்டே உக்காந்திருப்பான்.

எனக்கு தெரிஞ்ச யூனிட்ல நடந்தது. மெயில் பாஸ்வேர்டு எங்கயோ போயிருக்கு. உள்ள வந்தவன் செட்டிங்ஸ்ல ஒரு ஃபில்டர் போட்டான், இன்வாய்ஸ், பேமெண்ட்னு வார்த்தை இருக்கிற எல்லா மெயிலும் அவனுக்கு ஒரு காப்பி. சீசன் முழுக்க படிச்சான். சரக்கு வாங்குற பையர் யாரு, எந்த கன்டெய்னர், பாக்கி எவ்வளவு, நம்ம ஆளு எப்படி மெயில் எழுதுவாரு, கடைசில என்ன போட்டு முடிப்பாரு எல்லாம் தெரிஞ்சுக்கிட்டான். கப்பல் கிளம்பி பாக்கி பணம் வர வேண்டிய நேரத்துல பையருக்கு ஒரு மெயில், எங்க பேங்க்ல ஆடிட் நடக்குது இந்த புது அக்கவுண்ட்ல போடுங்கன்னு. கம்பெனி பேர்ல m வர்ற இடத்துல r, n ரெண்டு எழுத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டு மெயில் முகவரிக்கு ஒரு டொமைன் வாங்கியிருந்தான். சின்ன எழுத்துல பாத்தா ரெண்டும் ஒன்னு மாதிரியேதான் இருக்கும், நான் அந்த மெயில பெருசு பண்ணி பாத்த பிறகுதான் எனக்கே புலப்பட்டுச்சு. பையர் பணத்த போட்டுட்டாரு. அவர் குடுத்துட்டேன்னு சொல்றாரு, இவங்களுக்கு வரல, சரக்கு துறைமுகத்துல கிடக்குது. பல வருஷ பழக்கம் அதோட முடிஞ்சு போச்சு, அதுதான் பணத்த விட பெரிய நஷ்டம்.

இதுக்கு பேக்கப் உதவாது, ஆன்டிவைரஸ் உதவாது. மெயிலுக்கு ரெண்டாவது கட்ட சரிபார்ப்பு ஆன் பண்ணணும், அது இருந்திருந்தா பாஸ்வேர்டு தெரிஞ்சும் உள்ள வந்திருக்க மாட்டான். மாசம் ஒரு தடவ ஃபார்வேர்டிங், ஃபில்டர் ரெண்டு பக்கத்தையும் திறந்து பாக்கணும், நீங்க போடாதது எதுவும் இருக்கக்கூடாது. பேங்க் அக்கவுண்ட் மாறுதுன்னு எந்த மெயில் வந்தாலும் ஏற்கனவே உங்ககிட்ட இருக்கிற நம்பருக்கு போன் போட்டு குரல கேட்டு உறுதி பண்ணணும், அந்த மெயில்ல இருக்கிற நம்பருக்கு இல்ல. இப்ப அந்த யூனிட்ல ப்ரொஃபார்மா இன்வாய்ஸ்லயே அச்சடிச்சு அனுப்புறாங்க, எங்க பேங்க் விவரம் மெயில்ல மாறாதுன்னு.

ஆடிட்டர்_ஆபீஸ்_கிரி:

சட்டம் பத்தி கொஞ்சம். டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம் 2023ல வந்துச்சு, விதிகள் 2025 நவம்பர்ல வெளியாச்சு, முக்கியமான கடமைகள் எல்லாம் அதுல இருந்து 18 மாசம் கழிச்சு அமலுக்கு வருது. கஸ்டமர் தகவல பாதுகாக்க நியாயமான ஏற்பாடு பண்ணலன்னா அபராதம் 250 கோடி வரைக்கும் போகலாம்னு சட்டத்துல இருக்கு. அது உச்சவரம்பு, உரக்கடைக்கு 250 கோடி போட போறதில்ல, பயப்படாதீங்க. ஆனா தகவல் வெளிய போனா சம்பந்தப்பட்ட ஆளுக்கும் தெரிவிக்கணும், தரவு பாதுகாப்பு போர்டுக்கும் தெரிவிக்கணும், அது சின்னவங்க பெரியவங்க பாகுபாடு இல்லாம இருக்கு. மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட் இன் 2022 ஏப்ரல்ல போட்ட உத்தரவுப்படி சைபர் தாக்குதல் தெரிய வந்து 6 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்கு ரிப்போர்ட் பண்ணணும்.

உரக்கடை தம்பி, உங்ககிட்ட வேற ஒரு ஆபத்து இருக்கு, அத யாரும் சொல்லல. மானிய உரத்துக்கு விவசாயி ஆதார போட்டு பிஓஎஸ்ல கைரேகை வெக்கிறீங்க இல்லையா, அந்த மெஷின் பிரச்சனை இல்ல. ஆனா பல கடைல வசதிக்காக ஆதார் ஜெராக்ஸ ஃபைல் பண்ணி வெக்கிறாங்க, போட்டோ எடுத்து கடை வாட்ஸ்அப் குரூப்ல போடுறாங்க, நோட்டுல நம்பர எழுதி கவுண்டர் மேலயே வெச்சிருக்காங்க. எதுக்கு? வேலை முடிஞ்சா அது உங்களுக்கு தேவையே இல்ல. வெச்சிருந்தாத்தான திருட முடியும். இருக்கிறத கிழிச்சு எரிச்சுடுங்க, குரூப்ல இருக்கிறத அழிச்சுடுங்க. வர்ற விவசாயிங்களுக்கும் முடிஞ்சா ஆதார் கைரேகைய லாக் பண்ணி வெக்கிறது எப்படின்னு ஆதார் ஆப்ல காட்டி குடுங்க. போலி கைரேகை வெச்சு ஆதார் வழியா பணம் எடுக்கிற மோசடி நாட்டுல நிறைய நடந்திருக்கு, நம்ம விவசாயிங்க அக்கவுண்ட்ல இருக்கிறது கொஞ்ச பணம்தான், அது போனாலும் அவங்களுக்கு பெருசு.

பில், கணக்கு எல்லாம் ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் கடைசி தேதில இருந்து 72 மாசம் வெச்சிருக்கணும். சிஸ்டம் லாக் ஆகிடுச்சு சார்னு சொன்னா ஆபீஸர் ஒத்துக்க மாட்டாரு, அதுக்காகவாவது பேக்கப் எடுங்க.

கிரி_உரக்கடை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆதார் விஷயம் நெஞ்சுல குத்துன மாதிரி இருந்துச்சு, எங்க கடைலயும் அந்த நோட்டு இருக்கு, இன்னைக்கே முதலாளிகிட்ட காட்டிட்டேன், ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து சொல்றாங்கன்னதும் உடனே சரின்னுட்டாரு. டைல்ஸ் கடை அண்ணன்கிட்டயும் கேட்டேன், ரிமோட் டெஸ்க்டாப் திறந்துதான் இருந்திருக்கு. இன்னும் ரெண்டு கேள்வி. இப்ப அவர் என்ன பண்ணணும், பணம் கட்டிடலாமான்னு யோசிக்கிறாரு. இன்னொன்னு, கூகுள் டிரைவ்ல போட்டு வெச்சா ஹார்டு டிஸ்க் தேவையில்லன்னு ஒருத்தர் சொல்றாரு, சரியா?

தர்மபுரி_சர்வீஸ்:

கட்ட வேண்டாம்னு சொல்லுங்க. கட்டுனாலும் சாவி வரும்னு எந்த உத்தரவாதமும் இல்ல, கட்டுறவன்னு பேர் வந்துட்டா மறுபடியும் வருவான். முதல்ல அந்த சிஸ்டத்த நெட்ல இருந்து கழட்டி வெக்கணும், ஃபார்மட் பண்ணவே கூடாது, எந்த கடைக்காரரும் ஃபார்மட் பண்ணி புதுசா போட்டு தரேன்னு சொன்னா குடுக்காதீங்க. ஹார்டு டிஸ்க்க அப்படியே எடுத்து தனியா வெச்சுட்டு வேற டிஸ்க்ல புதுசா போட்டுக்கலாம். அந்த நோட்பேட் செய்திய போட்டோ எடுத்துக்கோங்க. நோ மோர் ரான்சம்னு ஒரு சைட், ஐரோப்பிய போலீஸ் அமைப்பு யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் சேந்து 2016ல ஆரம்பிச்சது, பூட்டுன ஃபைல் ஒன்னையும் அந்த செய்தியையும் போட்டா எந்த வகைன்னு சொல்லும், சில வகைக்கு சாவி இலவசமாவே இருக்கு. இன்னைக்கு இல்லன்னாலும் பின்னாடி வரலாம், அதனாலதான் டிஸ்க்க வெச்சுக்க சொல்றேன். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல புகார் போட்டுட்டு கிருஷ்ணகிரி மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷன்லயும் எழுதி குடுக்க சொல்லுங்க, பின்னாடி வரி ஆபீஸ்ல காட்ட அந்த ரசீது வேணும்.

ரிமோட் வேணும்னா போர்ட்ட திறக்காம விபிஎன், அதாவது வெளியாள் நுழையாத தனி வழி போட்டு குடுக்கலாம், இல்லன்னா எனிடெஸ்க் மாதிரி ஒன்ன, வேலை இருக்கிறப்ப மட்டும் திறந்து, முடிஞ்சதும் மூடணும்.

கூகுள் டிரைவ் நல்லதுதான், ஆனா சிஸ்டத்தோட சிங்க் ஆகுற, அதாவது இங்க மாறுனா தானாவே அங்கயும் மாறுற ஃபோல்டர் பேக்கப் ஆகாது. இங்க ஃபைல் பூட்டுனா அந்த பூட்டுன ஃபைலே மேலயும் ஏறிடும். பழைய வெர்ஷன் 30 நாள் வரைக்கும்தான் இருக்கும். டிஸ்க்கும் வெச்சுக்கிட்டு அதுக்கு மேல டிரைவும் வெச்சுக்கோங்க.

பாலக்கோடு_மண்டி:

பேங்க் பணம் போறவங்களுக்கு ஒன்னு சொல்றேன், எங்களுக்கு மேனேஜர் சொன்னது. ரிசர்வ் பேங்க் 2017ல போட்ட சுற்றறிக்கைல, நம்ம தப்பும் இல்லாம பேங்க் தப்பும் இல்லாம வெளிய இருந்து நடந்த திருட்டுனா 3 வேலை நாளுக்குள்ள பேங்க்ல சொல்லிட்டா நமக்கு பொறுப்பு இல்ல. நாமளே ஓடிபி, பின் குடுத்திருந்தா சொல்ற வரைக்கும் போனது நம்ம தலைல, சொன்ன பிறகு போறது பேங்க் தலைல. அதனால எதுவா இருந்தாலும் முதல்ல சொல்லிடுங்க, எழுத்துல குடுத்து நம்பர் வாங்கிக்கோங்க.

கிரி_உரக்கடை:

சொன்னபடி டிஸ்க் ரெண்டு வாங்கிட்டோம், ரீஸ்டோரும் புது ஃபோல்டர்ல பண்ணி பாத்துட்டேன், நேத்து சாயங்காலம் போட்ட யூரியா பில் வரைக்கும் வந்துடுச்சு. முதலாளி கேக்குறது ஒன்னே ஒன்னு, ஒவ்வொன்னுக்கும் வேற வேற பாஸ்வேர்டுனா எப்படி ஞாபகம் வெச்சுக்கிறது, நோட்டுல எழுதலாமா?

அரூர்_துணிக்கடை:

எழுதலாம் தம்பி, தாராளமா. நான் சின்ன டைரில எழுதி பணத்தோட சேத்து பீரோல பூட்டி வெச்சிருக்கேன், சாவி என்கிட்டயும் வீட்டுக்காரர்கிட்டயும் மட்டும்தான். மானிட்டர்ல ஒட்டி வெக்காதீங்க, கவுண்டர் டிராயர்ல போடாதீங்க. போன்ல பாஸ்வேர்டு மேனேஜர் கத்துக்கிட்டா அதுவும் நல்லது, ஆனா உங்க முதலாளிக்கு டைரிதான் சரிப்படும்னு நினைக்கிறேன்.

தர்மபுரி_சர்வீஸ்:

டைரி ஓகே. மெயில் பாஸ்வேர்டும் பேங்க் பாஸ்வேர்டும் மட்டும் வேற எதுலயும் வரக்கூடாது, அத முதல்ல மாத்துங்க. டைல்ஸ் கடை அண்ணன் டிஸ்க்க தூக்கி போட்டுடாம இருக்கட்டும், ஞாயித்துக்கிழமை கிருஷ்ணகிரி வர்ற வேலை இருக்கு, வந்து அது என்ன வகைன்னு பாத்து சொல்றேன். உங்க கடை ரவுட்டரையும் அப்பவே பாத்துடலாம், அட்ரஸ தனி மெசேஜ்ல அனுப்புங்க.